அடுத்த கட்டத்துக்கு நம் தோட்டத்தையே படிப்போம்

மலேசியப் பொதுச் சேவை ஆணையத்தின் இணையத் தேர்வில் தேறி, நிர்வாக, அரசதந்திர அதிகாரிப் பணிக்கான அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. பி.டி.டி. என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் இந்தப் பணி முன்பு எம்41 என்ற தரத்தில் இருந்தது. 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்த புதிய சம்பள முறையில் அது எம்9 ஆனது. அமைச்சுகள், துறைத் தலைமையகங்கள், மாவட்ட அலுவலகங்கள், வெளிநாட்டுத் தூதரகங்கள் என்று எங்கே வேண்டுமானாலும் அனுப்பப்படக்கூடிய அதிகாரிகள் இவர்கள். பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் ஆசிரியர், தாதியர் பணிகளுக்கு மனுச் செய்வது வழக்கமாகிவிட்டது, பி.டி.டி.க்கு மனுச் செய்தவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. அழைப்பு வந்த சிலர் இப்போது ஒன்றாகக் கூடித் தயார் செய்கிறோம். இந்தக் கட்டத்துக்கு நாம் முதலில் படிக்க வேண்டியது நாம் வளர்ந்த தோட்டத்தைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அதைக் குறையோடு வாழ்ந்தவர்களின் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. அந்தக் குறைக்குப் பொறுப்பேற்கப் போகிற அதிகாரியின் கண்ணாலும் பார்க்கப் பழக வேண்டும்.

இணையத் தேர்வின் இயல்பு வேறு. பொது அறிவு, சிக்கலுக்குத் தீர்வு காணும் திறன், மொழி ஆகியவற்றில் கேள்விகள் வரும். விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுத்தால் புள்ளி கிடைக்கும். அமைச்சர்களின் பெயர், ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாடு பிரகடனம் செய்யப்பட்ட 1970 ஆகஸ்டு 31, புதிய பொருளாதாரக் கொள்கை தொடங்கிய 1971 என்று பட்டியல் போட்டுக் கரைத்துக் குடித்தவர்களுக்கு அது கைகொடுக்கும். அடுத்து வருகிற மதிப்பீட்டில் குழுக் கலந்துரையாடல் இருக்கிறது, மேடைப்பேச்சு இருக்கிறது, உடல் தகுதிச் சோதனை இருக்கிறது. அவற்றையும் தாண்டியவர்களை ஆணையம் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கிறது. ஏற்பாடு ஆள்சேர்ப்புக்கு ஆள்சேர்ப்பு சிறிது மாறும் என்பதால், முன்பு போய்வந்தவர்கள் சொல்வதை விட அழைப்புக் கடிதத்தில் எழுதியிருப்பதையே நம்ப வேண்டும். எப்படி மாறினாலும் ஒன்று மாறாது: இனி நாம் தெரிந்து வைத்திருப்பதை வாய்விட்டு, மலாயிலும் ஆங்கிலத்திலும், பிறர் முன்னிலையில், குறுக்குக் கேள்விகளுக்கு நடுவே சொல்லியாக வேண்டும். மனப்பாடம் செய்த பட்டியல் அங்கே இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

நம் ஊரைப் பற்றிய அறிவு அந்த இடத்தில்தான் உதவுகிறது. நாட்டின் வரலாற்றுப் பாடத்தில் வருகிற சில பெரிய நிகழ்வுகள் நம் வீட்டு வாசலில் நடந்தவை. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்கப் பிரகடனம் செய்யப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. தேர்வு எழுதும் எல்லாருக்கும் இந்தத் தேதிகள் தெரிந்திருக்கும். அவசரகாலத்தில் மக்களை இடம்பெயர்த்துப் புதுக்கிராமங்களில் குடியமர்த்திய திட்டம் சீனர்களை மட்டும் தொடவில்லை, பல தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களும், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளும், ஒரே இடத்தில் வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன என்பதைச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. பாதுகாப்பு, குடியமர்த்தல், உணவுக் கட்டுப்பாடு, மக்களின் மனத்தை வெல்லுதல் ஆகியவற்றை ஓர் அரசு எப்படி ஒரே கொள்கையாக இணைத்தது என்று அந்த இடத்திலிருந்து பேசத் தொடங்கலாம். நம் பாட்டி, தாத்தா தலைமுறையில் அதை நேரில் கண்டவர்கள் சொன்ன செய்திகளும் அந்தப் பேச்சுக்கு உயிர் கொடுக்கும்.

கோலகங்சாரும் அப்படித்தான். 1877இல் நடப்பட்ட ரப்பர் மரம் அங்கே இன்னும் நிற்கிறது என்பதைச் சுற்றுலாக் குறிப்பாகவே பலரும் சொல்கிறோம். அதே ஊரில் 1905இல் தொடங்கப்பட்ட மலாய்க் கல்லூரி, காலனி ஆட்சியின் நிர்வாகச் சேவைக்கு உள்ளூர் மலாய் அதிகாரிகளை உருவாக்கிய இடம். பிரிட்டிஷார் மட்டுமே அமர்ந்திருந்த மலாயா சிவில் சேவைக்குள் உள்ளூர்க்காரர்கள் நுழைந்த வரலாறு அங்கிருந்துதான் புறப்படுகிறது. அந்த மலாயா சிவில் சேவையின் வழித்தோன்றலே நாம் மனுச் செய்திருக்கும் பணி. ஒரே மாவட்டத்தில் ஒரு பக்கம் பால்மரமும் அதற்கு ஆளாக வந்த நம் முன்னோர்களும், மறுபக்கம் ஆட்சி செய்யப் பயிற்சி பெற்ற அதிகாரிகளும் இருந்திருக்கிறார்கள். “ஏன் இந்தப் பணிக்கு வர விரும்புகிறீர்கள்?” என்று கேட்டால், நாட்டுக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற பொதுவான பதிலுக்கு முன்பு இந்த வரலாற்றைச் சொல்லலாம். அது உண்மையானது; வேறு ஊர்க்காரர் சொல்ல முடியாதது.

துன் வீ.தி.சம்பந்தனை விட்டுவிட்டு சுங்கை சிப்புட்டைப் பற்றிப் பேச முடியாது. 1919இல் இங்கே பிறந்தவர், சுதந்திர மலாயாவின் முதல் அமைச்சரவையில் இடம்பெற்றவர் என்பவை பொது அறிவு. நிர்வாகம் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது 1960இல் தொடங்கப்பட்ட தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை. வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்க, தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்து நின்ற காலம் அது. தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்குவது என்று அந்தச் சங்கம் முடிவெடுத்தது. சிக்கல் என்ன, யார் பாதிக்கப்பட்டார்கள், என்ன வழிகள் இருந்தன, எது தேர்ந்தெடுக்கப்பட்டது, அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று வரிசையாகச் சொல்ல இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இப்படி வரிசையாகச் சொல்லும் பழக்கத்தை எங்களுக்குள் உண்டாக்கியவர், நில அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். சனிக்கிழமைகளில் தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் எங்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து நேர்முகத் தேர்வு நடத்துகிறார். எங்களில் ஒரு தம்பி, தோட்டத்துக்குள் போகும் சாலை செம்பனை லாரிகள் ஓடி ஓடிக் குண்டும் குழியுமாகிவிட்டதையும், மழைக்காலத்தில் பள்ளி வேன் உள்ளே வர மறுப்பதையும், இரவில் ஆம்புலன்ஸ் வந்து சேரத் தாமதமாவதையும் உருக்கமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கே கண் கலங்கியது. பெரியவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, நீ சொன்னது நல்ல மனு. இப்ப அந்த மனு உன் மேசைக்கு வந்திருக்கு. என்ன செய்யப் போற?” என்றார்.

அன்று பிற்பகல் முழுவதும் அந்த ஒரு சாலையிலேயே போயிற்று. அந்த நிலம் யாருடையது என்பதுதான் முதல் கேள்வி. தோட்டத்தின் பட்டாவுக்குள் ஓடுகிற சாலை தனியார் சாலை. நகராண்மைக் கழகம் நினைத்த மாத்திரத்தில் அதில் தார் ஊற்றிவிட முடியாது, ஊற்றினால் கணக்குத் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும். கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 109ஆவது விதி மாநிலங்களுக்குச் சாலை மானியம் வழங்க வகை செய்கிறது. ஆனால் அந்த மானியம் முறைப்படி பதிவு செய்யப்பட்ட சாலைகளுக்குத்தான் வரும். அப்படியானால் ஒரு வழி, சாலைக்குரிய நிலத்தைத் தோட்ட நிறுவனம் மாநில அரசிடம் ஒப்படைக்கச் சம்மதிக்க வைத்து, அதைப் பொதுச் சாலையாகப் பதிவு செய்வது. இதற்கு நில அளவை வேண்டும், மாநில அரசின் ஒப்புதல் வேண்டும், காலம் பிடிக்கும். அதுவரை பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்குப் போவார்கள்? லாரிகளால்தான் சாலை கெடுகிறது என்பதால் இடைக்காலப் பராமரிப்பைத் தோட்ட நிர்வாகம் ஏற்குமாறு பேச்சு நடத்தலாம். பள்ளி வேன் நிற்கும் இடத்தை மாற்றலாம். சட்டமன்ற உறுப்பினரின் ஒதுக்கீட்டில் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கலாம், ஆனால் தனியார் நிலம் என்ற தடை அங்கேயும் எழும். ஒவ்வொரு வழிக்கும் செலவு யாருடையது, எவ்வளவு காலம், யார் எதிர்ப்பார்கள், எழுத்தில் யாருக்கு எப்போது பதில் கொடுக்க வேண்டும் என்று பெரியவர் விடாமல் கேட்டார். முடிவில் அந்தத் தம்பி இதே செய்தியை நான்கு நிமிடத்தில், மலாயில், மாவட்ட அதிகாரிக்கான குறிப்பாகச் சொன்னார். உருக்கம் அதிலும் இருந்தது. அது பள்ளி வேனைப் பற்றிய ஒற்றை வாக்கியத்தில் இருந்தது, அதனாலேயே கூர்மையாக இருந்தது.

அதற்குப் பிறகு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையை நான் படிக்கும் விதமே மாறிவிட்டது. கூட்டரசுப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மூன்றையும் தனித்தனியாக நெட்டுருப் போடுவதை விட, ஒரு தோட்டத்தின் பெயரை எழுதி அதைச் சுற்றி அவற்றைப் பிரித்து வைப்பது நன்றாக நினைவில் நிற்கிறது. நிலம் மாநிலத்துக்கு உரியது. ஊராட்சி மன்றமும் மாநிலத்துக்கு உரியது. தொழிலாளர் விவகாரம் கூட்டரசுக்கு உரியது, ஆகவே 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளத்தைப் பற்றிப் புகார் இருந்தால் தொழிலாளர் துறைக்குத்தான் போக வேண்டும். கல்வியும் கூட்டரசுக்கு உரியது. ஆனால் தோட்டத் தமிழ்ப்பள்ளி நிற்கும் நிலம் தோட்டத்துக்குச் சொந்தமாக இருந்தால், ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுத்தாலும் பள்ளி பகுதி உதவி பெறும் பள்ளியாகவே இருக்கும். ஒரே வேலிக்குள் இத்தனை அதிகாரங்கள் ஒன்றை ஒன்று உரசுகின்றன. நம் பெற்றோர்கள் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அலைக்கழிக்கப்பட்டதன் காரணத்தில் பெரும்பகுதி இந்த அட்டவணையில் இருக்கிறது என்று புரிந்தபோது, எனக்குக் கோபம் குறையவில்லை. அந்தக் கோபத்தை எங்கே கொண்டு போய் வைக்க வேண்டும் என்று தெரிந்தது.

வீட்டுப் பிரச்சினையும் அதே வகையானது. தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்பு, குடிநீர், மின்சாரம், ஆயாக்கொட்டகை முதலியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் 446ஆவது சட்டம் 1990இல் இயற்றப்பட்டது. 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் தோட்டத்துக்கு வெளியே மற்றத் துறைகளின் தொழிலாளர் தங்குமிடங்களையும் உள்ளடக்கியது. இதைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. வேலையில் இருக்கும் வரைக்கும் சட்டம் பாதுகாக்கிறது; ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்யச் சொல்லும்போது அந்தச் சட்டம் துணைக்கு வருவதில்லை, அங்கே வீட்டுடைமைத் திட்டம் பற்றிய வேறொரு கொள்கை தேவைப்படுகிறது. இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டத் தெரிந்தவர்கள் நம் லயங்களில்தான் இருக்கிறார்கள்.

மொழியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் மலாய் மொழியில் சிறப்புத் தேர்ச்சி என்பது அரசுப் பணிக்கான அடிப்படை நிபந்தனை. அதைப் பெற்றவர்கள்தாம் இங்கே வந்திருக்கிறோம். ஆனாலும் கம்பத்து நண்பர்களோடும் கடைத்தெருவிலும் பேசிப் பழகிய மலாயில் முன்னொட்டுகள் பாதி உதிர்ந்துவிட்டிருக்கும். நேர்முகத் தேர்வில் முழு வடிவத்தில், முழு வாக்கியத்தில் பேச வேண்டும், அதுவும் இயல்பாக வர வேண்டும். நான் காலையில் பெரித்தா ஹரியான் நாளிதழின் தலையங்கத்தைச் சத்தமாகப் படித்து, பிறகு தாளை மூடிவிட்டு அதே கருத்தை என் சொற்களில் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்கிறேன். திரும்பக் கேட்கும்போது எந்த இடத்தில் தயங்கினேன், எந்தச் சொல்லைத் தேவையில்லாமல் மீண்டும் மீண்டும் சொன்னேன் என்பது தெரிந்துவிடும். ஆங்கிலத்துக்கும் அதே முறைதான். தமிழில் சிந்தித்து மலாயில் மொழிபெயர்த்துப் பேசுவதில் எந்த இழுக்கும் இல்லை, தொடக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். சாலை, நிலம், வீடு, சம்பளம் ஆகிய நான்கைந்து பொருள்களில் மட்டுமாவது நேரடியாகவே மலாயில் சிந்திக்கும் அளவுக்குத் திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்துவிட்டால், புதிய தலைப்பு வரும்போதும் அந்தச் சரளம் கூடவே வரும்.

குழுக் கலந்துரையாடலுக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட தலைப்பு, இலக்கிடப்பட்ட எரிபொருள் உதவித்தொகை. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 3 வெள்ளி 35 காசாக உயர்ந்தது. 2025 செப்டம்பர் இறுதியில் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் மாதம் 300 லிட்டர் வரை 1 வெள்ளி 99 காசுக்குக் கிடைக்கத் தொடங்கியது. புள்ளிவிவரத்தை எல்லாரும் ஒப்பித்தோம். இவற்றைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகுதான் உரையாடல் சூடு பிடித்தது: பட்டணத்துக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கு 300 லிட்டர் வரம்பு ஒரு பொருட்டே இல்லை, மாணவர்களை ஏற்றும் வேன் ஓட்டுநருக்கு எரிபொருளின் ஒவ்வொரு காசும் கணக்கு, அடையாள அட்டைச் சிக்கல் தீராமல் இருக்கும் நம்மவர்களுக்கோ எந்த உதவித்தொகையும் எட்டாக்கனி. இந்த மூன்றாவது கருத்தை ஒரு தங்கை சொன்னபோது மற்றவர்கள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். கலந்துரையாடலில் குரலை உயர்த்துவதால் யாரும் கவனத்தைப் பெறுவதில்லை. பிறர் சொன்னதைப் பெயர் சொல்லி ஏற்று அதோடு ஒன்றைச் சேர்ப்பவரும், பேசாமல் இருப்பவரைப் பேச அழைப்பவரும் குழுவை நடத்துகிறார்கள். நம் வீடுகளில் பெரியவர்கள் முன்னால் அடக்கமாக இருக்கப் பழகிய பெண் பிள்ளைகள் முதல் மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறையாவது பேசிவிட வேண்டும் என்று நான் கண்டிப்பாகவே சொல்வேன்.

எங்களைச் சுற்றி எப்போதும் ஒரு பேச்சு இருக்கிறது: “நமக்கெல்லாம் குடுக்க மாட்டாங்க, ஏன் வீணா அலையிற?” இதைச் சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பலமுறை ஏமாந்தவர்கள் பிள்ளைகளைக் காப்பாற்றச் சொல்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லவும், தேர்வாளர்கள் இனம் தொடர்பான கேள்வி கேட்டால் தடுமாறாமல் இருக்கவும், அரசமைப்புச் சட்டத்தின் சில விதிகளை அவற்றின் முழு வாசகத்தோடு படித்திருக்க வேண்டும். 153ஆவது விதி மலாய்க்காரர்கள், சபா, சரவாக் பூர்வகுடியினர் ஆகியோரின் சிறப்பு நிலையைப் பாதுகாக்கிறது; அதே விதி பிற சமூகங்களின் நியாயமான நலன்களையும் பாதுகாக்கும் பொறுப்பை மாமன்னரிடம் வைத்திருக்கிறது. 136ஆவது விதி, கூட்டரசுப் பணியில் ஒரே தரத்தில் இருக்கும் அனைவரும், எந்த இனத்தவராயினும், பணி நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பாரபட்சமின்றி நடத்தப்பட வேண்டும் என்கிறது. 139ஆவது விதியின் கீழ் அமைந்ததே நம்மை அழைத்திருக்கும் ஆணையம். இவற்றைச் சண்டைக்கு எடுத்துக்கொண்டு போகக் கூடாது, மன்னிப்புக் கேட்கும் குரலிலும் சொல்லக் கூடாது. சட்டம் என்ன சொல்கிறதோ அதை நேர் குரலில் சொல்லிவிட்டு, அதை நடைமுறைப்படுத்தும் அதிகாரியாக எல்லாச் சமூகத்தாருக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்வேன் என்று சொன்னால் போதும். அப்படிச் சொல்ல நமக்கு முழுத் தகுதி இருக்கிறது.

மற்றவை எளிய வேலைகள். பொழுது விடியும்போது பள்ளித் திடலில் ஓடுகிறோம். சான்றிதழ்களின் அசலும் நகலும் வரிசையாக ஒரே கோப்பில் இருக்க வேண்டும். புறப்பாட நடவடிக்கைச் சான்றிதழ்களைப் பலர் வீட்டில் எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிறார்கள், இப்போதே எடுத்து வைத்துவிடுவது நல்லது. உடை சுத்தமாக, அலுவலகத்துக்கு ஏற்றதாக இருந்தால் போதும், புதிதாகச் செலவழிக்கத் தேவையில்லை.

2026 முதல் 2030 வரைக்குமான 13ஆவது மலேசியத் திட்டத்தை நாங்கள் இன்னும் முழுமையாகப் படித்து முடிக்கவில்லை. அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த சனிக்கிழமைக்கு எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் நிலம். சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் அழைப்புக் கிடைத்தவர்கள் யாராக இருந்தாலும் வந்து கலந்துகொள்ளலாம். வரும்போது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் பள்ளி வகைகள் பற்றிய பகுதியைப் படித்துவிட்டு வாருங்கள். உங்கள் தோட்டத்துப் பள்ளி நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் தலைமையாசிரியரிடமோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.